கேளாமல் வர வேண்டிய பணம்

ஹமீட் முதலாளி எனக்குத் தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் கைமாற்றாகக் கொடுத்ததல்ல. நற்பிட்டிமுனையில் அவருடைய நெல் மில்லில் மூடை சுமந்த கூலியில், கிழமைக்குக் கிழமை கொஞ்சத்தை அவரிடமே விட்டு வைத்தேன். எங்களில் ஒன்பது பேர் அப்படித்தான் செய்தோம். வங்கியில் போட்டால் வட்டி வரும், அது நமக்கு வேண்டாம். வீட்டில் வைத்தால் கரைந்துவிடும். முதலாளி அந்தக் காசை, எங்கள் சல்லியை, போட்டு நெல் வாங்குவார், கேட்கும்போது திருப்பித் தருவார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். என் மகள் நுஸ்ஹாவுக்காக எழுப்பிய சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றது. மிச்ச வேலைக்குத்தான் அந்தச் சல்லி. நான் அதைச் சேர்த்த காலத்தில் சீமெந்து ஒரு பைக்கட் ஆயிரம் ரூபாய்.

பிறகு நாட்டுக்குள் உரப் பசளை வரவில்லை. நெல் பாதிதான் விளைந்தது. டீசல் இல்லை, கரண்ட் இல்லை, மில் நின்றது. எங்களில் நிந்தவூர் அக்ரம் ஒரு நாள் தன் பங்கைக் கேட்டான். அதைக் கேள்விப்பட்டு மற்ற எட்டுப் பேரும் அந்தக் கிழமையே போய் நின்றோம்.

"ஒருத்தன் கேட்டாத் தரலாம். ஒம்பது பேரும் ஒண்டா வந்தா நான் எங்க போற? உங்கட சல்லி நெல்லாப் போய், நெல்லு கடனாப் போய், கடன் வாங்கினவன் கட்டாருக்குப் போயிட்டான்" என்று முதலாளி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஒரு வருஷம் அலைந்தேன். கடைசியில் அவர் லொறியை விற்று, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டபோது சீமெந்து மூவாயிரம்.

போகும் வழியெல்லாம் மனைவி முனவ்வறாவுக்குப் புத்தி சொன்னேன். கொடுத்தவன் கூடக் கேட்டால் அது வட்டி, ஹராம். கேளாமலிருக்க, வாங்கியவன் தானாக மனம் வந்து கூடத் தந்தால் அது அன்பளிப்பு.

"நீ வாயத் தொறக்காத புள்ள. அவர் நல்ல மனிசன். சாமான் விலை அவருக்குத் தெரியாதா?"

"எனக்கென்ன, நான் கதைக்கல்ல. உங்கட வாய நீங்க பாத்துக்கங்க."

மில்லில் சீனியில்லாத தேத்தண்ணி தந்தார்கள். முதலாளி காசை மேசையில் வைத்தார். "எண்ணிக்கங்க ஆதம்பாவா."

முனவ்வறா எண்ணினாள். சரியாக இருந்தது. முதலாளியின் கை மறுபடியும் சட்டைப் பைக்குள் போய் அங்கேயே நின்றது.

"நுஸ்ஹாட வீடு எந்த மட்டுல?"

"ஜன்னலோட நிக்கிது முதலாளி."

"ம்."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மூடையை இறக்கியதும் முதுகு தானாக நிமிருமே, அப்படி வாய் திறந்துகொண்டது.

"முதலாளி, இந்தச் சல்லிக்கு அண்டைக்கு நூத்தியெம்பத்தி நாலு பைக்கட் வாங்கலாம். இண்டைக்கு அறுபத்தொண்டு. கொஞ்சம் பாத்துத் தாங்க."

கை வெறுமனே வெளியே வந்தது.

"கேட்டுட்டீங்களே. இனி நான் கூடத் தந்தா அது உங்களுக்கும் பாவம், எனக்கும் பாவம். கேளாம இரிந்திருந்தா..."

பைக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது. அவருக்கே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். முற்றத்தில் லொறி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது.

"அல்லாவுக்காக வாயால செல்லுங்க ஆதம்பாவா. கடன் தீந்திச்சா? பொருந்திக்கிறீங்களா?"

நான் மனம் பொருந்தி வாயால் சொன்னால்தான் மறுமையில் அந்தக் கணக்கு அவர்மேல் நிற்காது. வாங்கியது முழுத்தொகை, சீமெந்துக் கணக்கில் வந்தது மூன்றில் ஒரு பங்கு. இந்த நட்டத்தை எந்த மனிதன்மேல் போய்ப் போடுவது?

"செல்லுங்க" என்றாள் முனவ்வறா. "இன்னொரு வருஷம் இந்த ரோட்டால நடக்க எனக்கு ஏலா."

"தீந்திச்சி முதலாளி. பொருந்திக்கிறன்."

அவர் பெருமூச்சு விட்டார். அதோடு எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு சதமும் பாக்கியில்லை. அறுபத்தொரு பைக்கட்டுக்கான சல்லியை முனவ்வறா கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.