எட்டடி தள்ளி ஒரு வேலி

என் வீட்டுக்காரர் ஞானையாவுக்குக் கள்ளிப் பைத்தியம் பிடித்தது அறுபத்தொன்பதாம் வருஷக் கோடையில். அதற்கு முன்பு ரோஜாப் பைத்தியம். சேலையூரில் மனை வாங்கி, இரண்டு அறை கட்டிக் குடிவந்த கையோடு இருபது ரோஜாச் செடி வைத்தார். ஏப்ரல் பிறந்ததும் இருபதும் கருகிப்போயின. கருகாமல் என்ன செய்யும்? வீட்டில் கிணறு கிடையாது. தெருக்கோடியில் இருக்கிற பஞ்சாயத்துக் கிணற்றிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக நான் சுமந்து வருகிற தண்ணீர் சமையலுக்கும் குளியலுக்குமே பற்றாது. அவர் ஏழு மணி எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து ஆபீசுக்குப் போய்விடுவார். நாலு நடை சுமந்துவிட்டு, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள் நான்.

"தண்ணியே கேக்காத செடி ஒண்ணு இருக்கு, சீலி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஆரம்பித்தார். என் பெயர் ஜெயசீலி. அவர் சீலி என்று கூப்பிட்டால் ஏதோ வம்பு வருகிறது என்று அர்த்தம். அன்று சாயங்காலமே மேடவாக்கம் பக்கம் சைக்கிளில் போய், வயல் வேலியிலிருந்து திருகுகள்ளியை ஒடித்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு இலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. பச்சைக் குச்சி குச்சியாக நிற்கும். ஒடித்தால் பால் வடியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதற்குப் பெயர் தோட்டமாம்.

கிழக்கு ஓரத்தில் பக்கத்து நிலத்து வேப்பமரம் எட்டடிக்கு நிழல் போட்டிருந்தது. கள்ளிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும் என்று அந்த எட்டடியை விட்டு உள்ளே தள்ளி, நூல் பிடித்து, ஒரே வரிசையாக நட்டார். நிழல் விழுந்த இடம் கிணற்றுக்கு. நீரோட்டம் பார்க்கிற சவுரிமுத்து, இந்த மனையில் அங்கே மட்டும்தான் ஊற்று, மீதியெல்லாம் பாறை என்று ஏற்கெனவே கல் நட்டு வைத்திருந்தார்.

"நிழல்ல கிணறு, வெயில்ல கள்ளி. எப்படி நம்ம பிளான்?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தப்பு என்னுடையது.

கிணற்று வேலை தள்ளித் தள்ளிப் போய் அடுத்த கோடை வந்துவிட்டது. கள்ளி மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இடுப்பு உயரம் வளர்ந்து நின்றது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், அந்த எட்டடியில் ஒரு மாடு கட்டியிருக்கிறது. பக்கத்தில் வைக்கோல் போர். சவுரிமுத்துவின் கல்லில்தான் மாட்டுக் கயிறு. மாடு பக்கத்து நிலத்துக்காரர் சம்பந்தத்துடையது. எங்களுக்கு மனை விற்றவரும் அவர்தான். விவசாயத்தை விட்டுவிட்டு நிலத்தை மனை மனையாக விற்றுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, எங்க இடத்துல மாட்டைக் கட்டியிருக்கீங்க?" என்று போய்க் கேட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, வேலி போட்டது நானா? உங்க வூட்டுக்காரருதான நூல் புடிச்சு நட்டாரு. கள்ளி எங்க கீதோ அங்கதான் எல்லை. எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அது வேலி இல்லீங்க. தோட்டம்."

"தோட்டமா? கள்ளியவா?" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் சிரித்ததில் தப்புச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனை பிரித்தபோது அடித்த மரமுளைகளைக் கரையான் தின்றுவிட்டது. சர்வேயர் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்றார், வந்தபாடில்லை. என் வீட்டுக்காரரோ, "சம்பந்தம் நல்ல மனுஷன், மெதுவா பேசிக்கலாம்" என்று கள்ளியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டாத செடியை நட்டு, தண்ணீர் இருக்கிற இடத்தைத் தொலைத்த மனுஷன் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். நான் செத்தாலும் அந்தக் குடம் என் இடுப்பைவிட்டு இறங்காது என்று அன்றைக்குத் தோன்றியது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

சனிக்கிழமை அவர் ஆபீஸ் போனதும் கடப்பாரையை எடுத்தேன். பால் தெறிக்காமல் இருக்க அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். ஒரு செடி பாக்கியில்லாமல் தோண்டி, ஆத்திரம் தீர எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில், எங்கள் மனையின் உண்மையான ஓரத்தில் நெடுக வீசினேன். காய்ந்தால் அடுப்பெரிக்கலாம் என்று எண்ணம். பால் வாடைக்கு மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. சாயங்காலமே சம்பந்தம் வந்து அதை அவிழ்த்துக்கொண்டு போனார். வைக்கோல் போர் மட்டும் அசையவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பிடுங்கின குழிகளை ஒவ்வொன்றாக மண் தள்ளி மூடினார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணியில் இரண்டு மழை பெய்தது. ஒரு காலையில் வேப்பமரத்தடியில் சம்பந்தம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போய்ப் பார்த்தேன். நான் வீசின சனியன்கள் அத்தனையும் கிடந்த இடத்திலேயே வேர் பிடித்து, நிமிர்ந்து, பச்சைப்பசேலென்று ஒரு வரிசையாக நின்றன.

"இது யாரு நட்டது?" என்றார்.

"யார் நட்டா என்னங்க? கள்ளி எங்க இருக்கோ அங்கதான் எல்லை. நீங்கதான சொன்னீங்க."

அவர் கள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக வைக்கோல் போரைப் பார்த்தார். "டீச்சரம்மாகிட்ட வாயக் குடுத்தேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே போனார். மறுநாள் போரைப் பிரித்து எடுத்துக்கொண்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தை மாதம் கிணறு தோண்டி உறை இறக்கினோம். இருபத்தாறு அடியில் தண்ணீர், இளநீர் மாதிரி. இரண்டு வருஷத்துக்கு மேல் சுமந்த என் குடத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். என் வீட்டுக்காரர்தான் முதல் வாளியை இறைத்து நிரப்பினார். நிரப்பி, குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், கள்ளி வரிசைக்கு ஊற்றினார்.

"பாவம் சீலி. இத்தனை நாளா ஒரு வார்த்தை கேக்காம நின்னுச்சு" என்றார்.

"கேட்டவ இங்க நிக்கிறேன்" என்றேன்.