பால் வழிந்த பக்கம்

2004 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மொன்றியலின் லஷீன் கால்வாய்க் கரையில் இருந்த பழைய ஆணித் தொழிற்சாலை, செங்கல் சுவர், புகைபோக்கி எல்லாவற்றோடும் மேற்கே நானூறு மீட்டர் நகர்ந்து போய் நின்றது. சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு வாத்துகூட நசுங்கவில்லை.

அதை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் மன்னார்க்காரரான பேனாட்டும் மனைவி அஞ்சலீனாவும். தொழிற்சாலை மூடும்வரை பத்து வருடம் பேனாட் அங்கே ஆணி அள்ளிப் பெட்டியில் போட்டவர்; பிறகு உணவகத்தில் கோப்பை கழுவினார். கால்வாயில் மறுபடி படகு ஓடி, ஆட்கள் பழைய சுவர்களைப் படமெடுப்பதைக் கண்டதும், உள்ளே துருப்பிடித்து நின்ற நீராவி எந்திரத்தை ஓட்டிக் காட்டிப் பிழைக்கலாம் என்று தோன்றியது. எந்திரம் வேல்ஸில் வார்த்தது. அதைத் திருத்த அங்கிருந்து ஹியூ வந்தார். ஊரில் மூடிக்கிடந்த கற்பலகைச் சுரங்கத்துக்குள் சுற்றுலா ரயில் விடுபவர் அவர். தாத்தாவின் நெஞ்சைத் தின்ற சுரங்கம் இப்போது தனக்குச் சோறு போடுகிறது என்றார். நகராட்சி அனுமதி மட்டும் பாக்கி. அது கிடைக்காவிட்டால் பேனாட்டுக்கு மறுபடி கோப்பைதான்.

அந்தச் சனிக்கிழமை ஹியூ சாப்பிடப் போன நேரத்தில் நண்பர் சண்முகலிங்கம் வந்தார்.

"புது இடத்தில பால் காய்ச்சாமல் மெசினைத் தொடாதை, தம்பி."

"அண்ணை, அடுப்பு இன்னும் வரேல்லை."

"அப்ப இந்தப் பொயிலர் என்ன, அலுமாரியே?"

எந்திரத்துக்குத் தண்ணீர் விடவேண்டிய பொயிலரில் பாலை ஊற்றிக் கரி மூட்டினார்கள். பால் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. முதலில் எந்தப் பக்கம் வழிகிறது என்று வழக்கப்படி எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேற்கே வழிந்தது. கட்டிடமும் அந்தப் பக்கம் கிளம்பியது. பேனாட்டுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. அந்தத் தொழிற்சாலையில் அவர் கண்ட அதிசயம், ஒருமுறை சம்பளத்தோடு லீவு தந்ததுதான்.

திங்கட்கிழமை அனுமதி அதிகாரி அம்மையார் வந்தார். வெறுந்தரையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், பிறகு நானூறு மீட்டர் நடந்துவந்து பொன்ஜூர் சொன்னார். முகவரியில் நிற்காத கட்டிடத்துக்கு அனுமதி கிடையாது. மாலைக்குள் திரும்பி வந்தால் கையெழுத்து. அஞ்சலீனா தெருமூலை டெப்பனர் மளிகைக் கடையில் இருந்த பால் முழுவதையும் வாங்கிவந்தார். ஹியூ பொயிலரின் மேற்குப் பக்கத்துக்குப் பலகை கொடுத்துச் சரித்தார்.

"மாதாவே, கிழக்கால பொங்க வேணும்," என்றார் அஞ்சலீனா.

"மாதாவுக்கு ஏன் கரைச்சல் குடுக்கிறாய், பலகையை இன்னும் தள்ளு," என்றார் பேனாட்.

பால் கிழக்கே வழிந்தது. கட்டிடம் புறப்பட்டுப் பழைய இடத்துக்கு வந்தது; நிற்காமல் அதையும் தாண்டியது.

"அண்ணை, எப்பிடி நிப்பாட்டுறது?"

"எனக்குக் காய்ச்சத்தான் தெரியும்," என்றார் சண்முகலிங்கம்.

பேனாட் கண்ணை மூடிக்கொண்டார். பால் வற்றியபோது அட்வாட்டர் சந்தை வாசலில் நின்றிருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த அம்மையார் இறங்கிப்போய் ஸ்ட்ராபெரி வாங்கிவந்தார். பத்திரத்தில் 'கட்டிடம்' என்றிருந்ததை அடித்து 'பயணிகள் வாகனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் ரயிலுக்கு அனுமதி வாங்க எட்டு வருடம் எடுத்தது என்று ஹியூ புலம்பினார்.

அந்தக் கோடை லவாலிலிருந்தும் புரோசார்ட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வேல்ஸிலிருந்து விமானத்திலும் வந்தார்கள். டிக்கெட் கிழித்துக் கிழித்துப் பேனாட்டின் விரல் வீங்கியது. கடிதம் கொண்டுவரும் தபால்காரர் கால்வாய்க் கரையில் ஒரு நிமிடம் நின்று மூக்கை உறிஞ்சுவார். பால் மணம் வரும் பக்கமாக நடந்துபோவார்.