தோள்வரை போன கை

ஊரில் அவனுக்குப் பெயர் 'முழம்'. பிடிக்கிற மீனெல்லாம் ஒரு முழம் என்பான். கூடையைத் திறந்தால் சாண் நீளத்துக்கு ஒரு கெளுத்தி நெளியும். புளுகினாலும் பொருந்தப் புளுக வேண்டாமா என்று சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சின்ன ஆற்றில் வேறு என்னதான் பெரிதாகக் கிடைக்கும்?

வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பழைய கல்பாலத்தின் தூணடியில் மூழ்கி, கல்லிடுக்கில் கையை விட்டுப் பிடிப்பான். போன கோடையில் நடுத்தூணின் பொந்துக்குள் முழங்கை வரைதான் போயிற்று. மழை முடிந்து இன்று காலையில் விட்டான். தோள்வரை போய், மறுபக்கத்து நீரோட்டம் விரலில் சில்லென்று பட்டது. தூண் சும்மா பேருக்குத்தான் நின்றுகொண்டிருந்தது.

ஈரம் சொட்டச் சொட்ட மருமகனிடம் ஓடினான். ஒரே மகளின் புருஷன், பால் வண்டி ஓட்டுகிறவன். ஆற்றுக்கு மேலே இருந்த இன்னொரு பாலம் இடிந்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பாலத்தை விட்டால் வழியில்லை.

"மாப்ளே, இன்னைக்கு அந்தப் பாலத்துல போகாதீங்க. நடுத்தூண்ல பொந்து இவ்ளோ ஆழம்," என்று தோளைத் தொட்டுக் காட்டினான்.

மீனுக்கு அளவு காட்டுகிற அதே கை, அதே பாவனை. கேன் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உங்க மீன் மாதிரி பொந்தும் வளருதா மாமா?" என்றான் மருமகன்.

மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். "நேத்து விராலுக்கும் இதே சத்தியம்தானேப்பா," என்று அவளும் சிரித்தாள். வண்டிக்கு முன்னால் போய் நின்றான்.

"பால் கெட்டுடும் மாமா," என்று மருமகன் அவனைப் பக்குவமாக நகர்த்திவிட்டு வண்டியை எடுத்தான்.

பாலம் விழுந்த சத்தம் வீடுவரை கேட்டது.

கலங்கிய தண்ணீரில் கண்ணால் தேடிப் பயனில்லை. கையால் தேடத் தெரிந்தவன் ஊரிலேயே அவன் ஒருவன்தான். பாவி, அவனே மூழ்கினான். முதலில் வண்டியின் கதவு, பிறகு சட்டைப் பொத்தான், பிறகு மீசை.

மேலே வந்தான். "இருக்காரும்மா... உசுரு இல்ல," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

மகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, பொய்தானே சொல்ற? எப்பவும் போலப் பொய்தானே?"

வாழ்நாளெல்லாம் வாய்கூசாமல் புளுகியவனுக்கு, ஆமாம் என்ற ஒரு சொல் வரவில்லை.