எட்டாம் மாடியில் அடைபட்ட காற்று

பெர்னிக் நகரில் குளிர்காலத்துக்கு வீடுகளைச் சூடாக்கும் குழாய்களுக்கு வெந்நீர் விட்டு நாலு நாள் ஆகிவிட்டது. பக்கத்து வரிசை வீடுகளெல்லாம் கதகதவென்றிருக்க, ராட்காவின் வரிசை மட்டும் கீழிருந்து மேல்வரை ஜில்லிட்டுக் கிடந்தது. குழாயில் காற்று அடைத்திருந்தது. அதைத் திறந்துவிடும் திருகு எட்டாம் மாடியில், கிழவர் ரங்கெல் வீட்டு ரேடியேட்டரில் இருந்தது. கட்டினவன் புத்தி அப்படி!

போய்க் கேட்டவர்களுக்கெல்லாம் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான்.

"ஆறாம் மாடி ராட்காவ வரச் சொல்லுங்க."

ராட்கா அசையவில்லை. அவளுக்கும் ரங்கெலுக்கும் ரெண்டு வருஷமாகப் பேச்சில்லை. தன் மகள் மிலேனாவின் கல்யாணத்தன்று, கட்டட வாசலில் ஒட்டியிருந்த, இறந்துபோன அவர் மனைவி வெலிச்காவின் நினைவுச் சீட்டை, படத்தோடு சுரண்டி எறிந்துவிட்டாள். அந்த ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை. மழையில் தானாக உதிரும்வரை விட்டுவிடுவார்கள்.

இப்போது அதே மிலேனா, பிறந்த குழந்தையோடு நாளை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். அறைக்குள் மூச்சு விட்டால் புகை. கடன் வாங்கிய மின் அடுப்பும் ஃப்யூஸைக் கொண்டுபோய்விட்டது. வேறு வழியில்லாமல் வீம்பை விழுங்கிக்கொண்டு ராட்கா படியேறினாள்.

முதல் மணிக்கே கதவு திறந்தது.

"வந்துட்டியா? என்ன விஷயம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கண்ணே. நாளைக்குப் பச்சக்குழந்த வருது."

"அது தெரியும். வேற?"

ராட்காவுக்குச் சுருக்கென்றது. அழுகையும் வந்தது.

"தப்புதாண்ணே. கல்யாண வாசல்ல சாவுச் சீட்டான்னு பாத்தேன். வெலிச்கா அக்கா முகமாச்சேன்னு பாக்கல. மன்னிச்சிடுங்க."

ரங்கெல் உள்ளே போனார். மண்டியிட்டுத் திருகைத் திறந்தார். காற்று உஸ்ஸென்று வெகுநேரம் சீறியது. பிறகு துப்பித் துப்பிக் கறுப்புத் தண்ணீர் வந்தது. ராட்கா ஓடிப்போய்ச் சட்டி எடுத்துவந்து ஏந்தினாள். திருகை மூடும்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டு, அதன்மேல் போர்வை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"அட பாவி மனுசா, உங்க வீட்லயும் சூடில்லையா?"

"இதே குழாய்தானே? எனக்கு மட்டும் எங்கேருந்து வரும்?" ரங்கெல் இரண்டு உள்ளங்கைகளையும் ரேடியேட்டரில் பதித்துக்கொண்டார். "இன்னும் ஒரு நாள் நீ வராம இருந்திருந்தா, நானே தெறந்திருப்பேன்."