துடைத்த இடம்

1

இந்தக் கதை ஒரு பழந்துணியிலிருந்து வந்தது. மாலை ஓவிய வகுப்பில் என் பக்கத்தில் வரைகிறவள், தன் படத்திலிருந்த ஒரு மனிதனைத் துணியால் துடைத்து அழித்தாள். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: 'இருண்ட மேகங்கள் மலைமேல் கவிந்து' [வேண்டாம். மேகத்தில் தொடங்கினால் மழையைப் பெய்வித்தே தீரவேண்டும்.]

2

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கணவன் பேக்கரியில் அடுப்புப் பார்க்கிறவன். கண்ணாடிக் கடை வேறு ஊரில் திறக்கும் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீங்களும் வருவீங்கல்ல?" என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றான். அந்தப் 'பாக்கலாம்', பிழிந்தும் உலர்த்தாத துணி மாதிரி வீட்டில் கிடக்கிறது.

(அவனை முதலில் முரடனாக எழுதினேன். பன் வெந்துவிட்டதா என்று விரல்நுனியால் தொட்டுப் பார்க்கிறவனுக்கு அது ஒட்டவில்லை. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

படம், பரோக் என்ற பழைய ஐரோப்பிய பாணியில் ஒரு நிலக்காட்சி. இடப்பக்கம் கரிய மரம், நடுவில் ஆறு, தூரத்தில் நீலமாய்க் கரையும் மலை, மீதியெல்லாம் வானம். முதலில் கித்தான் முழுவதையும் பழுப்பு வண்ணத்தால் மெழுகிவிட வேண்டும். பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களில், வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைன் தொட்ட துணியால் பழுப்பைத் துடைத்தெடுக்க வேண்டும்.*

"பாதையில கடுகளவாவது ஆள் வைங்க. அப்பத்தான் வானம் எவ்வளவு பெரிசுன்னு தெரியும்" என்றார் ஆசிரியை.

அவள் இரண்டு பேரை வைத்தாள். சிவப்புச் சால்வையில் ஒரு பெண். பக்கத்தில் ஓர் ஆண். தள்ளி நின்று பார்த்தாள்.

"வர்றேன்னு சொல்லாத மனுஷன் இங்க மட்டும் எதுக்கு?"

துணியை டர்பன்டைனில் முக்கி ஆளைத் துடைத்தாள். கோபத்தில் முறை மறந்துபோயிற்று. ஆளோடு சேர்ந்து அடியிலிருந்த பழுப்பும் வந்துவிட்டது. இப்போது படத்திலேயே பளிச்சென்ற இடம் அதுதான், சால்வைக்காரியின் பக்கத்தில், சரியாக ஓர் ஆள் உயரத்துக்கு.

* சொல்வது சுலபம். நான் துடைத்தால் சேறுதான் வருகிறது.

4

வகுப்பு முடிந்து அவளைக் கூட்டிப்போகக் கணவன் வந்தான். முழங்கையில் மாவு.

"என்ன, வானம் அடிப்பிடிச்சுடுச்சா?"

"அது அப்படித்தான் இருக்கணும்."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி இறக்கியிருக்கலாம்."

"ஆமா, தட்டோட இறக்கி உங்க கடையில அடுக்குங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தான். மூக்கு ஈர வண்ணத்தில் படப் பார்த்தது.

"இந்தம்மா பக்கத்துல யாரு?"

"யாருமில்ல."

"யாருமில்லாத இடத்துக்கா இவ்வளவு வெளிச்சம்?"

அவள் பழுப்புத் தூரிகையை எடுத்தாள். பின்னாலிருந்து ஆசிரியையின் குரல் வந்தது: "அதை மூடிடாதம்மா! படமே அங்கதான் இருக்கு."

தூரிகை அந்தரத்தில் நின்றது.

"யாரோ நின்னுட்டுப் போயிட்டாங்க போல" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

"போகல. இன்னும் வந்து சேரல."

5

முடிவு அ: அவன் தூரிகையை வாங்கித் தன்னைத் தானே வரைந்து [அவனுக்கு ரொட்டிமேல் கோடு கிழிக்கத்தான் தெரியும்.]

முடிவு ஆ: அவள் தனியாகப் போகிறாள். ரயில் நகர்கிறது. [நடக்கக்கூடியதுதான். எழுத உட்கார்ந்தேன்; கை வரவில்லை.]

அடிக்காமல் விட்டது இது மட்டும்: தண்ணீர்த் தொட்டியருகே அவள் விரல்களில் சோப்பைத் தேய்த்துவிட்டபடி அவன் கேட்கிறான்.

"அந்த ஊர்ல பேக்கரி இருக்குமா?"

"ஊருன்னு இருந்தா பன் திங்கமாட்டாங்களா?"

"அடுப்பு எப்படியோ என்னவோ. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு"

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும். படம் இன்னும் ஈரமாக இருக்கிறது. மெல்லிய தூரிகையைக் கழுவி, வாசிக்கிற உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன். அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். இடம் ஆள் உயரத்துக்கே இருக்கிறது.