கடைசிச் சண்டைக்கு ஓர் ஆள்

"வர்ற ஞாயித்துக்கிழமை நீ ஜெயிக்கிற" என்று முதலாளியம்மா சொன்னதும் மெத்தை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு பழைய போஸ்டர். அதில் மலை என்ற மல்யுத்த வீரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்க, அவர் காலடியில், போஸ்டரின் ஓரத்தில் முகம் பாதி வெட்டுப்பட்டு, ஓர் ஆள் மல்லாக்கக் கிடந்தான். அந்த ஆளும் மெத்தைதான். முதலாளியம்மா பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து உள்ளே விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். "உன்னைத்தான் சொல்றேன். சுவத்துக்கிட்ட ஏன் பேசப்போறேன்?"

அவர்கள் செய்வது மல்யுத்தம்தான், ஆனால் யார் ஜெயிப்பது என்பதை முதலாளியம்மா முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். ஞாயிறு மாலை ஜனங்களை அதை நம்ப வைப்பதுதான் மற்றவர்களுடைய பிழைப்பு. அதில் மெத்தையின் பங்கு தோற்பது. எவன் தூக்கி எறிந்தாலும் அரங்கமே அதிரும்படி விழுவான். எறிந்தவனுக்கும் வலிக்காது, விழுந்தவனுக்கும் பெரிதாக வலிக்காது. 'அவன்கூட சண்டை போட்டா மெத்தை மேல படுத்த மாதிரிப்பா' என்று யாரோ சொல்லப்போக, பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் அன்றோடு ஒழிந்தது. அவன் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்கூட அவளை மெத்தை வீட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"யாரைம்மா ஜெயிக்கிறேன்?"

"மலையை. கடைசிச் சண்டையில. நடுவர் மூணு எண்ணி, சுத்தமா. லைட்டு அணைஞ்சுபோறது, நடுவர் மயங்கி விழறதெல்லாம் இந்தத் தடவை கிடையாது."

கடைசிச் சண்டைதான் டிக்கெட்டை விற்கும் சண்டை. மற்றதெல்லாம் ஜனங்கள் உட்கார இடம் பிடிக்கும்வரை ஓடுவது. அந்தக் கடைசிச் சண்டையில் எத்தனையோ வருடமாக மலையைத் தவிர வேறு முகம் இல்லை. ஆள் வராமல் இல்லை. குதிரைவால் என்று ஒருத்தன் வந்தான், அழகன்; பெண்கள் பக்கத்து வரிசையெல்லாம் அவனுக்குத்தான் கைதட்டியது. ரப்பர் என்று ஒருத்தன், கயிற்றின் மேல் நடப்பான். ஒவ்வொருவனையும் ஊதி ஊதிப் பெரிதாக்கி மலையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கே போனதும் ஏதாவது ஆகிவிடும். விளக்கு அணையும், யாரோ நாற்காலியோடு உள்ளே ஓடி வருவார்கள், முடிவில்லாமல் சண்டை முடியும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத கதைதான். இங்கே மலை குப்புறக்கூட விழுந்ததில்லை. பெரியவனை வீழ்த்தாத சின்னவனை ஜனங்கள் எத்தனை நாள் நம்புவார்கள்? குதிரைவால் செல்போன் கடை வைத்துவிட்டான். ரப்பர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான். இப்போது மலைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் இரண்டும் படியைக் கண்டால் அழுகின்றன, அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. முதலாளியம்மா எல்லாப் பக்கமும் தேடிவிட்டுக் கடைசியில் வீட்டுக்குள் தேடியிருக்கிறார்.

"போன வாரம் நீ நாலாவது தடவை எந்திரிச்சப்ப கைதட்டினாங்க. கவனிச்சியா?" என்றார்.

மெத்தை கவனித்திருந்தான். அந்தக் கைதட்டலை வீட்டுக்குக் கொண்டுபோய், யாரிடமும் சொல்லாமல், தூங்கும் முன் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றவள், அவன் முகத்தைப் பார்த்ததும் அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்லா இருங்க. நாப்பத்திரெண்டு வயசுல புது ஸ்டாரு. என்ன இப்போ, இனிச்சா சரி." அவள் இதுவரை அவன் சண்டையைப் பார்த்ததில்லை. அரங்கத்துக்கு வருவாள், அவன் முறை வந்ததும் வெளியே போய் நின்றுகொள்வாள். அவன் விழும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும், அதுவே போதும் என்பாள். "இந்தத் தடவை உள்ளயே இருக்கேன்" என்று அவளாகவே சொன்னாள். ஒரே ஒரு தடவை, நின்றுகொண்டிருக்கும் ஆளாக அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு ஆசை ஒன்றும் இல்லை, அதற்குக் கீழேயும் இல்லை.

ஒத்திகைக்கு மலை பிடி கொடுக்கவில்லை. திங்கட்கிழமை முழங்கால் என்றார். செவ்வாய்க்கிழமை வந்து, எப்படி நடந்து உள்ளே வர வேண்டும், எங்கே நின்று கூட்டத்தை முறைக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, யாருக்கோ போன் பண்ண வேண்டும் என்று போய்விட்டார். மெத்தைக்கு முதல்முறையாக அவர்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் இந்த மனிதருக்காக விழுந்திருக்கிறோம், முதுகு பூராவும் இவர் புகழ்தான், நமக்காக ஒரு தடவை விழ மனசு வரவில்லையே என்று உள்ளே புகைந்தது. புதன்கிழமை காலை நேராகவே கேட்டுவிட்டான். "அண்ணே, என்கிட்ட தோக்கறது கேவலமா இருந்தா சொல்லிடுங்க. நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்."

பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து அரங்கமாக்கிய கட்டடம் அது. பகலில் விளக்கு போடமாட்டார்கள். கூரை ஓட்டைகள் வழியாக வரும் வெளிச்சம்தான். மலை ரிங்கின் ஓரத்தில், தடித்த கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கதவைச் சாத்து" என்றார்.

மெத்தை சாத்திவிட்டு வந்தான்.

"எனக்கு விழத் தெரியாதுடா."

வேடிக்கை என்று நினைத்து மெத்தை சிரித்தான். மலை சிரிக்கவில்லை. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவரை முதலாளியம்மாவின் கணவர் பார்த்த அன்றே கூட்டிக்கொண்டு வந்தாராம். இந்த உடம்பை யார் தள்ளப்போகிறார்கள் என்று விழுவதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வருடம் ஒத்திகையில் ஒருமுறை பின்பக்கமாக விழுந்து தலை அடித்துவிட்டது. கொஞ்ச நாள் ஒரு காது கேட்கவில்லை. வீட்டில்கூடச் சொல்லாமல் சமாளித்தார். அதன் பிறகு குதிகால் தரையை விட்டு எழும்பினாலே உடம்பு கல்லாகிவிடுகிறது. "சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள மலைன்னு பேரு வெச்சு ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. மலைக்கு விழப் பயம்னு எப்படிடா சொல்றது? லைட்டை அணைங்க, யாரையாவது உள்ள விடுங்கன்னு அப்போ முதலாளியா இருந்த அந்தப் பெரியவர்கிட்ட நான்தான் கேட்டு வாங்குவேன். திமிருன்னு நினைச்சுக்கிட்டாரு. நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டே தொடர்ந்தார். "ஆளே கிடைக்கலை, ஆளே கிடைக்கலைன்னு அம்மா புலம்பறாங்க இல்ல? நல்ல நல்ல பசங்க வந்தாங்கடா. நான்தான் யாரையும் ஏற விடலை."

மெத்தையின் கோபம் போன இடம் தெரியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இவர் தோளில் ஏறி, இவர் கையால் எறியப்பட்டிருக்கிறான். அந்த உடம்பில் அவனுக்குத் தெரியாத இடம் இல்லை என்று நினைத்திருந்தான்.

"பரவாயில்லண்ணே, விழறதுதானே. எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்" என்றான்.

அன்றிலிருந்து காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், மூச்சை விட்டுவிட வேண்டும், இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். உட்கார்ந்த நிலையிலிருந்து மலை விழுந்துவிட்டார். குந்தியபடியும், இரண்டு தடவை யோசித்துவிட்டு, விழுந்தார். நின்றபடி மட்டும் முடியவில்லை. பாதியில் திரும்பிக் கையை ஊன்றிவிடுவார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. சனிக்கிழமையும் அப்படியேதான். முதலாளியம்மாவிடம் சொன்னால் முடிவை மாற்றிவிடுவார், விளக்கு அணையும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மெத்தை சொல்லவில்லை. அதில் மலையின் மானம் பாதி, தன் ஆசை பாதி என்று அவனுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததால் அன்று சோறு இறங்கவில்லை.

"என்ன, ஜெயிக்கப்போற மூஞ்சியா இது?" என்றாள் மனைவி.

பெயரைச் சொல்லாமல், ஒருத்தருக்குப் பின்னால் சாயப் பயம் என்று மட்டும் சொன்னான். யாரென்று அவள் கேட்கவில்லை. "எங்க வார்டுல பாதிப் பேர் அப்படித்தான். படுங்க படுங்கன்னு சொன்னா விறைச்சுப்பாங்க. நான் கையை முதுகுல குடுத்துட்டு, என்மேல சாயுங்கன்னு சொல்வேன். முதுகுல ஒரு உடம்பு பட்டுட்டா போதுங்க, தானா தளர்ந்துடுவாங்க." சொல்லிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் வேடிக்கைக்கு வந்தவர்கள். மெத்தை ஜெயிப்பானா என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை நிமிடம் தாங்குவான் என்றுதான் பந்தயம். மலை அவனைப் பந்தாடினார். அதில் அவரை யாராலும் குறை சொல்ல முடியாது. மெத்தை விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். மூன்றாவது வரிசையில் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒவ்வொரு தடவை எழும்போதும் தெரிந்தது. அவள் வெளியே போகவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அவன் எழுந்தபோது கூட்டம் கத்த ஆரம்பித்தது. இந்தத் தடவை அவன் பெயரைச் சொல்லித்தான் கத்தியது.

முடிவுக்கான நேரம் வந்தது. கயிற்றில் மோதித் திரும்பி ஓடி வந்து அவன் தோளால் இடிக்க வேண்டும், மலை மல்லாக்க விழ வேண்டும். இடித்தான். மலை தள்ளாடினார், விழவில்லை. கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது. மறுபடி ஓடி வந்து இடித்தான். குதிகால் எழும்பிய அந்த நொடியில் மலையின் கண்கள் அவனைத் தேடின. போஸ்டரில் இருக்கும் கண்கள் இல்லை அவை. இன்னொரு தடவை இடித்தால் மரம்போல விழுவார், கழுத்து போய்விடும் என்று மெத்தைக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. தானே கீழே படுத்துவிட்டால் அவருக்கு ஒன்றும் ஆகாது. கூட்டமும் பழகியதுதானே என்று எழுந்து போய்விடும்.

அவன் ஓடி வரவில்லை. நடந்து மலையின் பின்னால் போனான். கைகளை அவர் இடுப்பைச் சுற்றிக் கோத்து, தன் நெஞ்சை அவர் முதுகோடு சேர்த்து ஒட்டவைத்தான். வியர்வையில் ஊறிய அந்தப் பெரிய முதுகு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, தரையில இல்ல. என்மேலதான் விழப்போறீங்க."

"உனக்கு அடிபடும்டா."

"எனக்கு இது வேலைண்ணே. மூச்சை விடுங்க."

மலை மூச்சை விட்டார். அவர் உடம்பின் பாரம் முழுவதும் தன் பக்கம் வருவதை மெத்தை உணர்ந்தான். முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, அவரையும் சுமந்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். பின்னால் சாய்ந்தான். பலகை முறிந்ததுபோல் சத்தம் கேட்டது. விலாவில் ஏதோ சுரீரென்றது. கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் மலை சரிந்ததுதான்; அடியில் யார் இருந்தார்கள் என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மெத்தை அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து அவர் நெஞ்சின் குறுக்கே விழுந்தான். மூன்று எண்ணும்வரை மலையின் தோள்கள் தரையை விட்டு எழக்கூடாது, அவ்வளவுதான். நடுவர் மண்டியிட்டுத் தரையை ஓங்கி அறைந்தார். ஒன்று.

"அழுத்துடா" என்றார் மலை, உதடு அசையாமல். "பழக்கதோஷம். தோள் தானா எழும்பிடும்."

இரண்டு. தோள் எழும்பத்தான் பார்த்தது. மெத்தை அழுத்தினான். போதவில்லை. மலையின் வலது கை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து, அவனை இறுகக் கட்டித் தன்மேல் அமுக்கிக்கொண்டது. மூன்று.

அதன் பிறகு எழுந்த சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மெத்தை எழுந்திருக்க வேண்டும். எழுந்து கையைத் தூக்க வேண்டும். விலா விடவில்லை. சரிந்து மலையின் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். இருவர் முகத்திலும் வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது.

"டேய்" என்றார் மலை.

"வலிக்குதாண்ணே?"

"இல்லடா. மேல இத்தனை லைட்டு இருக்கா?"

மெத்தைக்கு அந்த விளக்குகள் ஒவ்வொன்றும் பழக்கம். எது முனகும், எது விட்டுவிட்டு எரியும், எதைச் சுற்றிப் பூச்சி மொய்க்கும் என்று தன் வீட்டுக் கூரையைவிட நன்றாகத் தெரியும். "ஆமாண்ணே. எல்லாம் வெள்ளை. ஒண்ணு மட்டும் மஞ்சளா எரியும்."

"எது?"

"அந்த ஓரத்துல."

"தெரியலையே. எங்கடா?"

நடுவர் குனிந்து, ஜெயித்தவன் கையைத் தூக்குவதற்காக மணிக்கட்டைப் பிடித்தார். மெத்தை அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, படுத்தபடியே மேலே நீட்டிக் காட்டினான். அதை ஜெயித்தவன் தூக்கிய கை என்று நினைத்துக் கூட்டம் மொத்தமும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றது. மலையின் கண்கள் அந்த விரல் போன திசையில் போய், ஒவ்வொரு விளக்காகத் தேடிக்கொண்டிருந்தன.