முத்துமணியின் ஞாயிற்றுக்கிழமை

முத்துமணிக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களும் வலது கையும் சொன்னபடி கேட்டதில்லை. பேச்சும் குழறும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் முப்பது வயதுவரை அவளுக்கு எல்லாம் செய்துவந்தவள் அம்மா. அம்மா இறந்து காரியம் முடிந்த கையோடு, அண்ணன் அழகர்சாமி அவளை ஓசூருக்குக் கூட்டிவந்துவிட்டான்.

ஜூஜுவாடியில் லைன் வீடு. அழகர்சாமிக்கு கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவன் மனைவி பொற்கொடி கார்மெண்ட்ஸில் தையல். இருவரும் காலை எட்டுக்குள் கிளம்பினால் திரும்ப ஆறு ஆகும். அதுவரை முத்துமணியை யார் பார்ப்பது? நான்காவது வீட்டு சுக்ராவைக் கேட்டார்கள். கணவனை இழந்தவள், ஐம்பதை நெருங்குபவள். மாதம் ஆயிரத்து ஐந்நூறு என்று பேச்சாயிற்று.

குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பாத்ரூமுக்குத் தூக்கிப் போவது என எல்லாம் சுக்ராதான். இரண்டே மாதத்தில் முத்துமணி பேசுவது அவளுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. சில நேரம் அண்ணனுக்கே அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. ஓவர்டைம் நின்றுபோனது. சுக்ராவின் சம்பளம் அழகர்சாமிக்குப் பாரமாகத் தெரியத் தொடங்கிய அந்த மாதத்தில்தான், அவன் கிருஷ்ணகிரிக்கு நான்கு தடவை அலைந்து எழுதிப்போட்ட அரசு உதவித்தொகை முத்துமணிக்கு வந்தது. சில நூறு ரூபாய். தபால்காரர் எல்லப்பன் கட்டிலுக்கே வந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு, நோட்டுகளை அவளுடைய இடது கையில் வைத்தார். எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சுக்ரா வாங்கி வைக்கப் போனபோது முத்துமணி கொடுக்கவில்லை. சாயங்காலம்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

வேலை முடிந்து வந்த அழகர்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துல வந்துச்சுத்தா. இத சுக்ராக்கா சம்பளத்துல சேத்துக்கிட்டா எனக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம்."

முத்துமணி தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. ஞாயித்துக்கிழமைக்கு."

"ஞாயித்துக்கிழமையா? அன்னைக்குத்தான் நாங்க வீட்ல இருக்கமே."

"அன்னைக்கு சுக்ராக்காவ நான் காசு குடுத்து வச்சுக்கிறேன். சாயங்காலம் மட்டும். வெளிய போகணும்."

அழகர்சாமியின் முகம் சுருங்கியது. "நான் கூட்டிட்டுப் போகமாட்டேனா? ஒனக்கு என்னத்தா கொறை வச்சேன்?"

முத்துமணியின் கண் நிறைந்தது. அடுப்படியிலிருந்து பொற்கொடி எட்டிப் பார்த்தாள்.

"கொறை வச்சீகன்னு யாரு சொன்னா? நான் சம்பாதிச்ச காசுல ஒரு சேலை எடுக்கணும்னா ஒங்ககிட்டக் கேட்டுக்கிட்டா எடுக்கிறேன்? அவ பேருக்கு வந்த காசு. விடுங்க."

அவன் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனான்.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட சுக்ரா பதறினாள். "அய்யோ கண்ணு, உங்கிட்ட நான் காசு வாங்கறதா? நான் சும்மாவே கூட்டினு போறன்."

"சும்மா வேணாம்க்கா."

"ஏன்?"

முத்துமணி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சும்மா வந்தா, இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம்னு நான் ஒன்கிட்டக் கேக்க முடியாது. கால் வலிக்குமே, வீட்ல வேல கெடக்குமேன்னு நானே போலாம்னு சொல்லிருவேன். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன்."

சுக்ரா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. மணிக்கு இருபது ரூபா. ஒரு பைசா கொறைய மாட்டன்," என்றாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு, ஒரு சங்கத்தார் கொடுத்திருந்த சக்கர நாற்காலியில் கிளம்பினார்கள். முத்துமணி போக ஆசைப்பட்டது கர்நாடகாவுக்கு. இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம். நடந்தே போகிற தூரத்தில் இன்னொரு மாநிலம் இருக்கிறது, பார்த்ததில்லை. சர்வீஸ் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. பள்ளம் வந்த இடங்களில் சுக்ரா நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி இழுத்தாள். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கடைகளின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறியது.

"வந்துட்டோமா?"

"வந்துட்டோம். நீ இப்ப கர்நாடகாவுல கீற."

முத்துமணி சத்தமாகச் சிரித்தாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் சுக்ராவைப் பார்த்து, "இவரிகே ஏனு பேக்கு?" என்று இவளுக்கு என்ன வேண்டுமெனக் கன்னடத்தில் கேட்டார்.

"அவரன்னே கேளி," என்றாள் சுக்ரா. அவளையே கேளுங்கள்.

கடைக்காரர் தயங்கிக் குனிந்தார். முத்துமணி சொன்னது முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவையும் புரியவில்லை. சுக்ரா வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாவது தடவை அவர் முகம் மலர்ந்தது. "ஓ, டீ! சக்கரே ஜாஸ்தி!"

டீயை ஆற்றி, சுக்ரா வாயருகில் பிடித்தாள். ஒரு மணி நேரம் கழிந்தது. சுக்ரா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"கெளம்பலாமா கண்ணு?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

சுக்ரா சிரித்துக்கொண்டே மறுபடி பெஞ்சில் சாய்ந்தாள்.

ஐந்தரைக்கு அழகர்சாமி பைக்கில் தேடி வந்துவிட்டான். வேர்த்திருந்தது. "என்னக்கா இது, இம்புட்டு நேரமா? பயந்தே போயிட்டேன். கெளம்புங்க."

"எங்கிட்டச் சொல்லாத தம்பி. இன்னிக்கி எனக்கு மொதலாளி அவ. அவளக் கேளு."

அழகர்சாமி தங்கையைப் பார்த்தான். அவள் மேலுதட்டில் டீ ஒட்டியிருந்தது. கன்னம் வெயிலில் சிவந்திருந்தது. அம்மா இருந்தபோதுகூட அவள் இப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"போலாமாத்தா?" என்று மெல்லக் கேட்டான்.

"ஒக்காருண்ணே. ஒரு டீ குடி. நான் காசு குடுக்கிறேன்."

அவன் உட்கார்ந்தான். டீயைக் குடித்து முடிக்க அவனுக்கு நெடுநேரம் ஆனது. நாற்காலியைத் திரும்பத் தள்ளி வந்தது அவன்தான். சுக்ராவால் பைக் ஓட்ட முடியாதே. அதனால் வண்டி டீக்கடையிலேயே நின்றது. மறுநாள் காலையில் போய் எடுத்துக்கொண்டான்.

பணக்கஷ்டம் அதோடு தீர்ந்துவிடவில்லை. ஆறு மாதம் அவன் சனிக்கிழமைகளில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போய்த்தான் சுக்ராவின் சம்பளத்தைச் சமாளித்தான். உதவித்தொகை ஞாயிற்றுக்கிழமைகளுக்கே போயிற்று; அதைப் பற்றி மட்டும் அவன் அப்புறம் கேட்டதே இல்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, சுக்ராவின் மகள் சுஹைனா கைக்குழந்தையோடு குருபரப்பள்ளியிலிருந்து வந்திருந்தாள். சுக்ரா வேலைக்கு வந்தும் நிலைகொள்ளாமல் இருந்தாள். முத்துமணி அதைக் கவனித்தாள்.

"நாளைக்கு நீ வர வேணாம்க்கா. லீவு."

"சம்பளத்தோடவா?" என்றாள் சுக்ரா, குறும்பாக.

முத்துமணி கொஞ்சம் யோசித்தாள். "சம்பளத்தோடதான். ஆனா புள்ளையத் தூக்கிட்டு வந்து எனக்குக் காட்டணும்."